நெடுந்தூரம் ஓடுகிறவர்களின் கல்லீரலையும் கவனிக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் கல்லீரல் கொழுப்பு நோயைப் பற்றி வரும் கட்டுரைகளையும் கேள்வி பதில்களையும் தொடர்ந்து படித்துவருகிறேன். உட்கார்ந்தே வேலை பார்ப்பவர்கள், தொப்பை விழுந்தவர்கள், மது அருந்துபவர்கள் ஆகியோரை மனத்தில் வைத்தே அவை பெரும்பாலும் எழுதப்படுகின்றன. நாள்தோறும் அரை மணி நேரம் நடங்கள் என்ற அறிவுரையோடு முடிகின்றன. பெரும்பாலோருக்கு அந்த அறிவுரை பொருந்தும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால், ஐம்பது வயதை ஒட்டி, வாரத்துக்கு நாற்பது ஐம்பது கிலோமீட்டர் ஓடிக்கொண்டும், ஆண்டுதோறும் அரை மாரத்தானிலோ முழு மாரத்தானிலோ கலந்துகொண்டும், வயிற்று ஸ்கேன் அறிக்கையில் ‘ஃபேட்டி லிவர், கிரேடு 1’ என்ற வரியையும் வைத்துக்கொண்டிருக்கும் ஒரு கூட்டம் தமிழ்நாட்டு நகரங்களில் உருவாகியிருக்கிறது. கோயம்புத்தூரில் ஓடும் நானும் அதில் ஒருவன். எங்களுக்கென்று தனியாகச் சொல்ல வேண்டியவை சில உண்டு. அவற்றை யாரும் சேர்த்துச் சொல்லாததால்தான் இந்தக் கடிதம் சற்று நீளமாக அமைகிறது, பொறுத்தருள வேண்டுகிறேன்.

ஆரோவில் மாரத்தான் 2008 முதல் நடந்துவருகிறது. கோவை மாரத்தான் 2013இல் தொடங்கியது. அப்போது நாற்பதைத் தொட்ட நிலையில் ஓட வந்தவர்கள் பலர். சர்க்கரை நோய் வந்துவிடக்கூடாது, அப்பாவுக்கு வந்த மாரடைப்பு தமக்கும் வந்துவிடக்கூடாது என்பதே அவர்களை விடியற்காலையில் ரேஸ்கோர்ஸ் சாலைக்குக் கொண்டுவந்து சேர்த்தது. இப்போது அவர்கள் ஐம்பதைத் தாண்டிவிட்டார்கள். அலுவலகத்தில் ஆண்டுக்கொருமுறை செய்யச் சொல்லும் மாஸ்டர் ஹெல்த் செக்கப்பில் கல்லீரலில் கொழுப்பு என்று வரும்போது, ஒரு சாரார் ‘நான் ஓடுகிறவன், இது எனக்குப் பொருந்தாது’ என்று அறிக்கையை ஓரமாக வைத்துவிடுகிறார்கள். மற்றொரு சாரார், இவ்வளவு ஓடியும் வந்துவிட்டதே என்று மனம் உடைந்து, ஓட்டத்தின் மீதே நம்பிக்கை இழக்கிறார்கள். இரண்டுமே தவறான முடிவுகள் என்பது என் கருத்து.

ஓட்டத்தால் பயன் இல்லை என்று யாரும் எண்ணிவிடக்கூடாது என்பதற்காக முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எடை ஒரு கிலோகூடக் குறையாவிட்டாலும், தொடர்ந்து செய்யும் உடற்பயிற்சி கல்லீரலில் உள்ள கொழுப்பைக் குறைக்கிறது என்பது பல ஆய்வுகளில் உறுதிப்பட்ட செய்தி. கல்லீரல் கொழுப்பு உள்ளவர்களின் உயிரை அதிகம் பறிப்பது கல்லீரல் நோயைவிட இதய நோயும் இரத்தக்குழாய் நோயும்தான் என்பதும் மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட உண்மை. ஆகவே கல்லீரலில் கொழுப்பு இருக்கும் ஒருவர் ஓடுவது அவருக்கு இருமடங்கு நன்மை. ஓட்டம் பெரிய பாதுகாப்பு. ஆயினும் அது முழு விலக்கு ஆகாது.

ஏன் ஆகாது என்பதை விளங்கிக்கொள்ள, 2004இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வந்த ஒரு சிறு குறிப்பு பெரிதும் உதவும். புனே கே.இ.எம். மருத்துவமனையின் டாக்டர் யாஜ்னிக், லண்டனைச் சேர்ந்த பேராசிரியர் ஜான் யுட்கின் ஆகிய இருவரும் அருகருகே நிற்கும் படம் ஒன்று அதில் உண்டு. இருவரின் உடல் நிறைக் குறியீடும் (உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் எண்) ஒன்றே, 22.3. ஆனால் உடலில் உள்ள கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். யுட்கின் மாரத்தான் ஓடுகிறவர், யாஜ்னிக் அப்படியல்லர் என்பதோடு, யாஜ்னிக் குறைந்த எடையுடன் பிறந்தவர் என்பதையும் அவர்களே அதில் குறிப்பிட்டிருக்கிறார்கள். உடற்பயிற்சியின் பங்கு எவ்வளவு, தாயின் வயிற்றிலேயே அமைந்துவிட்ட உடல்வாகின் பங்கு எவ்வளவு என்ற கேள்வியை அந்தக் குறிப்பு நம்முன் வைக்கிறது. நாற்பது வயதில் ஓடத் தொடங்கும் இந்தியர் ஒருவர் முதலாவதைச் சரிசெய்துகொண்டிருக்கிறார். இரண்டாவதைச் சுமந்துகொண்டேதான் ஓடுகிறார். தசை குறைவு, வயிற்றுக்குள் கொழுப்பு அதிகம் என்ற இந்த வாகு நம் மக்களுக்குப் பொதுவானது. ஆசிய மக்களுக்கு உடல் நிறைக் குறியீடு 23ஐத் தொட்டாலே கூடுதல் எடை என்று கணக்கிடுவதும், ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்று இடுப்புச் சுற்றளவுக்குத் தனி வரம்பு வைத்திருப்பதும் இதனால்தான்.

மேற்கு வங்கத்தின் கிராமப்புறத்தில் நடத்தப்பட்டு 2010இல் வெளியான ஓர் ஆய்வையும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அங்கே நூற்றுக்கு ஒன்பது பேர் அளவுக்குக் கல்லீரல் கொழுப்பு காணப்பட்டது. அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்குக் கூடுதல் எடையும் இல்லை, தொப்பையும் இல்லை. ஏழ்மையான ஒரு கிராமப்புறத்திலேயே நிலை இதுவென்றால், ஒல்லியான தேகமும் உடலுழைப்பும் மட்டும் இந்த நோயை முழுமையாகத் தடுத்துவிடும் என்று நகரத்தில் இருக்கும் நாம் எப்படி நம்ப முடியும்? மரபணுவுக்கும் இதில் பங்கு உண்டு. கல்லீரலில் கொழுப்பு தேங்குவதை ஊக்குவிக்கும் பி.என்.பி.எல்.ஏ.3 என்ற மரபணு மாற்றம் 2008இல் கண்டறியப்பட்டது. அதைப் பெற்றோரிடமிருந்து பெற்றவர் எத்தனை கிலோமீட்டர் ஓடினாலும் அதை மாற்றிக்கொள்ள முடியாது. தம் கையில் இருக்கும் மற்றவற்றை இன்னும் கவனமாகப் பார்த்துக்கொள்ள முடியும். இவற்றோடு எங்கள் அன்றாடத்தையும் சொல்ல வேண்டும். காலையில் ஒன்றரை மணி நேரம் ஓடிவிட்டு, எஞ்சிய பகற்பொழுது முழுவதும் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் வங்கி ஊழியரும் மென்பொருள் பொறியாளரும் எங்களில் ஏராளம்.

இனி, நான் இந்தக் கடிதத்தை எழுதுவதற்கு முதன்மையான காரணமாக அமைந்த பரிசோதனைகளைப் பற்றிச் சொல்கிறேன்.

எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்ற இரண்டு நொதிகளின் அளவைப் பார்த்துத்தான் கல்லீரலின் நிலையை முதலில் கணிக்கிறார்கள். இவை கல்லீரலுக்கு மட்டும் உரியவை அல்ல. எஸ்.ஜி.ஓ.டி. தசைகளில் நிறைய உண்டு; எஸ்.ஜி.பி.டி. சிறிதளவு உண்டு. கடுமையாக உழைத்த தசைநார்களில் நுண்ணிய சிதைவு ஏற்படும்போது இவை இரத்தத்தில் கலந்துவிடும். 2008இல் வெளியான ஓர் ஆய்வில், பழக்கமில்லாத பளு தூக்கும் பயிற்சியை ஒரு மணி நேரம் செய்த ஆரோக்கியமான ஆண்களுக்கு இந்த அளவுகள் குறைந்தது ஏழு நாட்கள் வரை உயர்ந்தே இருந்தன. முழு மாரத்தான் ஓடிய பின்பும், மலைப்பாதையில் நெடுந்தூரம் இறங்கி ஓடிய பின்பும் இதே நிலைதான். ஞாயிற்றுக்கிழமை 30 கிலோமீட்டர் ஓடிவிட்டுத் திங்கட்கிழமை வெறும் வயிற்றோடு இரத்தம் கொடுக்கப் போகிறவரின் அறிக்கையில் சிவப்பு எழுத்தில் வரும் எண்கள் கல்லீரலைப் பற்றியும் பேசலாம், தொடைத் தசையைப் பற்றியும் பேசலாம்.

இதன் விளைவு வெறும் மனக்கலக்கத்தோடு நிற்பதில்லை. கல்லீரலில் நார்த்தழும்பு விழுந்திருக்கக்கூடுமா என்பதை முதற்கட்டமாக வடிகட்ட, உலகெங்கும் ஃபிப்-4 என்ற கணக்கைப் பயன்படுத்துகிறார்கள். வயதையும் எஸ்.ஜி.ஓ.டி.யையும் பெருக்கி, அதை இரத்தத் தட்டணுக்களின் எண்ணிக்கையையும் எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலத்தையும் பெருக்கி வரும் தொகையால் வகுப்பதே அது. விடை 1.3க்குக் கீழ் இருந்தால் பெரும்பாலும் அச்சமில்லை, 2.67க்கு மேல் போனால் கல்லீரல் மருத்துவரை உடனே பார்க்க வேண்டும். இடையில் இருந்தால் அடுத்த கட்டப் பரிசோதனை தேவை. அறுபத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்குக் கீழ்வரம்பை 2 என்று வைத்துக்கொள்கிறார்கள். ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். 52 வயதுக்காரர் ஒருவருக்குத் தட்டணுக்கள் 2,40,000, எஸ்.ஜி.ஓ.டி. 30, எஸ்.ஜி.பி.டி. 35 என்றால், தட்டணுக்களை ஆயிரத்தில் கொண்டு கணக்கிட, விடை 1.1 வரும். அதே மனிதர் நீண்ட ஓட்டத்துக்கு மறுநாள் இரத்தம் கொடுத்து, எஸ்.ஜி.ஓ.டி. 75 என்றும் எஸ்.ஜி.பி.டி. 50 என்றும் வந்தால் விடை 2.3 ஆகிவிடும். கல்லீரலில் எந்த மாற்றமும் இல்லாமலேயே, அச்சமில்லாத வரிசையிலிருந்து ஐயத்துக்குரிய வரிசைக்கு அவர் மாறிவிடுகிறார்.

ஆகவே, இரத்தம் கொடுப்பதற்கு முந்தைய ஒரு வாரம் நீண்ட ஓட்டத்தையும் வேக ஓட்டத்தையும் பளு தூக்குவதையும் தவிர்த்து, மெல்ல நடப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. மாரத்தான் ஓடியிருந்தால் இன்னும் சில நாட்கள் பொறுக்கலாம். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன். ஐயம் எழுந்தால், கூடவே ஜி.ஜி.டி., சி.பி.கே. என்ற வேறு இரண்டு நொதிகளையும் பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் கேட்கலாம். ஜி.ஜி.டி. தசையிலிருந்து வருவதில்லை, சி.பி.கே. முதன்மையாகத் தசையிலிருந்து வருவது. சி.பி.கே. மிக உயர்ந்தும் ஜி.ஜி.டி. இயல்பாகவும் இருந்தால், கூடுதலாகத் தெரியும் எஸ்.ஜி.ஓ.டி. தசையிலிருந்து வந்திருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் இதைப் படித்துவிட்டு, உயர்ந்த எண்களையெல்லாம் ஓட்டத்தின் கணக்கில் எழுதிவிடுவதும் ஆபத்து. ஓய்வுக்குப் பிறகும் எண்கள் இறங்காவிட்டால் ஹெபடைட்டிஸ் பி, சி, தைராய்டு, உட்கொள்ளும் மருந்துகள் என்று எல்லாவற்றையும் முறையாக ஆராய வேண்டும். மறுபுறம், நொதிகள் இயல்பாக இருப்பதாலேயே கல்லீரல் நலமாக இருக்கிறது என்றும் சொல்லிவிட முடியாது. நொதிகள் இயல்பான அளவில் இருக்கும்போதே தழும்பு முற்றிய நோயாளிகளை மருத்துவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

ஸ்கேன் அறிக்கையில் வரும் கிரேடு என்ற சொல்லும் பலரைத் திசைதிருப்புகிறது. கல்லீரலின் உயிரணுக்களில் ஐந்து சதவீதத்துக்கு மேல் கொழுப்பு சேர்ந்தாலே அது நோய். சாதாரண அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் அது தெளிவாகத் தெரிவதற்கு இருபது முப்பது சதவீதமாவது சேர்ந்திருக்க வேண்டும். மேலும், கிரேடு என்பது கொழுப்பின் அளவைப் பற்றிய ஒரு தோராயக் கணிப்பு. தழும்பு இருக்கிறதா இல்லையா என்பதை அது சொல்வதில்லை. ஆனால் ஒருவரின் எதிர்காலத்தைத் தீர்மானிப்பது அந்தத் தழும்புதான். கிரேடு 1 என்றால் ஒன்றுமில்லை என்று எடுத்துக்கொள்வதும், கிரேடு 2 என்றால் கல்லீரல் பாதி கெட்டுவிட்டது என்று நடுங்குவதும் ஆதாரமற்றவை. தழும்பை அளக்க ஃபைப்ரோஸ்கேன் இருக்கிறது; மூன்று மணி நேரமாவது எதுவும் சாப்பிடாமல் இருந்துவிட்டுச் செய்துகொள்ள வேண்டும். அதில் விறைப்பு 8 கிலோபாஸ்கலுக்குக் கீழ் இருந்தால் முற்றிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு. கட்டணம் எல்லோராலும் எளிதில் செலுத்தக்கூடியதாக இல்லை என்பதால்தான், முதற்கட்டமாக ஃபிப்-4 கணக்கைப் பிழையில்லாமல் போடுவது இன்னும் முக்கியமாகிறது.

அடுத்து உணவு. இதில் ஓட்டக்காரர்களுக்கென்றே சில கண்ணிகள் இருக்கின்றன.

70 கிலோ எடையுள்ளவர் 10 கிலோமீட்டர் ஓடினால் ஏறத்தாழ 700 கலோரி செலவாகும். ஓட்டம் முடிந்ததும் எல்லோரும் கூடி உணவகத்துக்குப் போய், நெய் மிதக்கும் பொங்கல், இரண்டு வடை, ஒரு ரோஸ்ட், சர்க்கரை போட்ட காபி என்று சாப்பிட்டால் செலவழித்ததைவிடக் கூடுதலாகவே திரும்ப வந்துவிடும். அந்தக் கூடல் எங்களுக்கு மிக அருமையானது. பலருக்கு விடியற்காலையில் எழுந்து வருவதற்கான காரணமே அதுதான். அதைக் கைவிடச் சொல்லும் எண்ணம் எனக்கு இல்லை. என்ன சாப்பிடுகிறோம் என்பதை மட்டும் பார்க்க வேண்டும்.

அதைவிடப் பெரிய சிக்கல் சர்க்கரை. நாம் பயன்படுத்தும் சர்க்கரையில் பாதி குளுக்கோஸ், பாதி ஃப்ரக்டோஸ். குளுக்கோஸை உடல் முழுவதும் பயன்படுத்திக்கொள்ளும். ஃப்ரக்டோஸில் பெரும்பகுதியைக் கல்லீரலும் குடலும்தான் கையாள வேண்டும். தேவைக்கு மேல் வந்ததைக் கல்லீரல் கொழுப்பாக மாற்றி வைத்துக்கொள்கிறது. வெல்லம், நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் ஆகிய எதுவும் இதில் விதிவிலக்கு இல்லை. சேர்க்கப்படும் சர்க்கரை நாளொன்றுக்கு 25 கிராம் அளவில் இருப்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கடையில் விற்கும் அரை லிட்டர் விளையாட்டுப் பானம் ஒன்றிலேயே ஏறத்தாழ 30 கிராம் சர்க்கரை இருக்கும். ஓடும்போது உறிஞ்சிக்கொள்ளும் இனிப்புக் கூழான ஜெல் பாக்கெட் ஒன்றில் 20 கிராமுக்கு மேல் மாவுச்சத்து இருக்கும்.

இங்கே ஒரு நுட்பமான வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஓடும்போது மணிக்கு 60 முதல் 90 கிராம் வரை மாவுச்சத்து எடுத்துக்கொள்ளச் சொல்வது விளையாட்டு மருத்துவத்தில் ஏற்றுக்கொள்ளப்பட்ட வழி. அந்த வேளையில் குளுக்கோஸோடு ஃப்ரக்டோஸும் கலந்து எடுத்துக்கொண்டால் உழைக்கும் தசைகள் அதைப் பெருமளவில் எரித்துவிடுகின்றன. கல்லீரலில் கொழுப்பு இருக்கிறதென்று அஞ்சி, முழு மாரத்தானை வெறும் தண்ணீரோடு ஓட முயல்வது மயக்கத்துக்கும் வேறு தொல்லைகளுக்கும் வழிவகுக்கும். தவறு நடப்பது அங்கே அல்ல. ஒரு மணி நேரத்துக்கும் குறைவான காலை ஓட்டத்துக்குக்கூட ஜெல் எடுத்துக்கொள்வது, ஓடி முடித்துக் காரில் உட்கார்ந்தபடி பானத்தைக் குடிப்பது, ஓடாத நாளிலும் பழச்சாறு குடிப்பது, மாரத்தானுக்கு முந்தைய ஓரிரு நாட்களுக்கு மட்டும் மாவுச்சத்தைக் கூட்டிச் சாப்பிடும் முறையை மாதக்கணக்கில் பழக்கமாக்கிக்கொள்வது ஆகியவையே கல்லீரலைப் பாதிக்கின்றன. ஒரு மணி நேர ஓட்டத்துக்குத் தண்ணீர் போதும். வியர்வை மிகுந்த வெயில் காலத்தில் உப்புப் போட்ட மோரோ, சர்க்கரை இல்லாத எலுமிச்சைச் சாறோ போதும். பழத்தை முழுப் பழமாகச் சாப்பிடலாம்.

சோற்றையும் பேச வேண்டும். சென்னை ஆய்வு நிறுவனம் ஒன்றின் முன்னெடுப்பில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) துணையோடு நாடு முழுவதும் நடந்த ‘இந்தியாப்’ ஆய்வின்படி, இந்தியர்கள் பெறும் கலோரியில் ஏறத்தாழ 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. சிறுதானியத்துக்கு மாறிவிட்டோம் என்று நிம்மதி கொள்வோர் உண்டு. நார்ச்சத்து கூடும் என்பது உண்மை; ஆனால் கேழ்வரகிலும் சாமையிலும் நூறு கிராமுக்கு அறுபது கிராமுக்கு மேல் மாவுச்சத்து இருக்கிறது. அளவு முக்கியம். தட்டில் குறைவது புரதம்தான். நெடுந்தூரம் ஓடுகிறவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை புரதம் வேண்டும் என்கிறார்கள். அப்படியானால் 70 கிலோ எடையுள்ளவருக்கு 84 கிராமுக்குக் குறையக்கூடாது. மூன்று இட்லியும் சட்னியும் அதில் பத்தில் ஒரு பங்கைக்கூடத் தருமா என்பது ஐயமே. முட்டை, மீன், தோல் நீக்கிய கோழி, சுண்டல், பாசிப்பயறு, பனீர், தயிர் என்று ஒவ்வொரு வேளையும் ஏதாவது ஒன்று தட்டில் இருக்க வேண்டும்.

மாவுச்சத்தை வெகுவாகக் குறைக்கும் பேலியோ உணவு முறையைப் பின்பற்றித் தம் கல்லீரல் கொழுப்பு குறைந்ததாகச் சொல்லும் நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்கள் சொல்வதை நான் மறுக்கவில்லை. மாவுச்சத்தைக் குறைத்தாலும் கொழுப்பைக் குறைத்தாலும், எடை இறங்கினால் கல்லீரலும் பயன்பெறும். ஆனால் மாரத்தானுக்கான கடும் பயிற்சி நடக்கும் மாதங்களில் மாவுச்சத்தை அறவே விலக்கினால் பயிற்சியின் தரம் கெடும், காயங்கள் வரும். அந்தக் காலத்தில் சர்க்கரையையும் மைதாவையும் மட்டும் விலக்கி, சோற்றையும் கிழங்கையும் ஓட்டத்தின் அளவுக்கேற்பக் கூட்டிக் குறைத்துக்கொள்வதே நடைமுறைக்கு ஏற்றது என்பது என் அனுபவம்.

எடையைப் பொறுத்தவரை, ஐந்து சதவீதம் குறைந்தால் கல்லீரல் கொழுப்பு குறையும், ஏழு முதல் பத்து சதவீதம் குறைந்தால் அழற்சி தணியும், பத்துக்கு மேல் போனால் தழும்பே பின்வாங்கக்கூடும். ஏற்கெனவே ஒல்லியாக இருக்கும் ஓட்டக்காரருக்கு மூன்று முதல் ஐந்து சதவீதம் குறைந்தாலே பயன் தரும். வாரத்துக்கு ஒரு கிலோவுக்கு மேல் குறைப்பது கல்லீரலுக்கும் நல்லதல்ல, தசைக்கும் நல்லதல்ல. போட்டிக்கு ஒரு மாதம் முன்பு பட்டினி கிடந்து எடை இறக்கும் பழக்கம் எங்களிடையே இருக்கிறது. அதை விட்டுவிட வேண்டும்.

தசையைப் பற்றி இரண்டு சொல். சாப்பிட்ட பிறகு இரத்தத்தில் ஏறும் குளுக்கோஸைப் பெருமளவில் வாங்கிச் சேமிப்பது தசைதான். அந்தக் களஞ்சியம் சிறிதாகச் சிறிதாக, மிஞ்சியது கல்லீரலுக்குப் போகிறது. நாற்பதுக்குப் பிறகு தசை ஆண்டுதோறும் குறைகிறது. ஓட்டம் ஒன்றை மட்டும் செய்துகொண்டிருப்பது அதைத் தடுக்கப் போதாது. வாரத்தில் இரண்டு நாளாவது எல்லாப் பெருந்தசைகளுக்கும் வலுப்பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல் சொல்கிறது. எங்கள் ஓட்டக் குழுக்களில் அதைச் செய்வோர் மிகக் குறைவு. ஒரு நாள் ஓட்டத்தைக் கைவிட்டு அந்த நேரத்தில் ஸ்குவாட்டும் தண்டாலும் எடை தூக்குதலும் செய்யத் தயங்குகிறார்கள். வாரக் கணக்கில் கிலோமீட்டர் குறைந்துவிடுமே என்ற கவலை. அந்தக் கவலையை விட்டொழிக்குமாறு பயிற்சியாளர்கள் எடுத்துச்சொல்ல வேண்டும். அவ்வாறே, விடியற்காலை நான்கு மணிக்கு எழுகிறவர்கள் இரவு பதினொரு மணி வரை விழித்திருந்தால் தூக்கக் குறைவே இன்சுலின் எதிர்ப்பை, அதாவது இன்சுலினுக்கு உடல் சரியாகக் கட்டுப்படாத நிலையைக் கூட்டிவிடும்.

எங்கள் குழுக்களில் ஓடும் பெண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாதவிடாய் நிற்கும் வரை ஈஸ்ட்ரோஜன் ஓரளவு பாதுகாப்பு தருகிறது. அதன்பின் பெண்களிடையே கல்லீரல் கொழுப்பு வேகமாகக் கூடுகிறது. முன்போலவே ஓடுகிறேன், முன்போலவே சாப்பிடுகிறேன், ஆனால் இடுப்பு பெருக்கிறதே என்று ஐம்பதை எட்டும் பெண்கள் வருந்துவதைக் கேட்டிருக்கிறேன். அவர்களுக்கு வலுப்பயிற்சியும் புரதமும் ஆண்களைவிட அவசரத் தேவை.

மதுவைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. கல்லீரலில் கொழுப்பு உள்ளவருக்கு மது வேண்டவே வேண்டாம். ஓட்டத்துக்குப் பின் குடிக்கும் பீரும் மதுதான். ஆனால் கடையில் கிடைக்கும் மாத்திரைகளையும் பொடிகளையும் பற்றி எச்சரிக்க வேண்டும். கொழுப்பை எரிப்பதாக விற்கப்படும் பச்சைத் தேயிலைச் சாறு மாத்திரைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் பல நாடுகளில் உண்டு. சீந்தில் கொடியைத் தொடர்ந்து உட்கொண்ட சிலருக்குக் கல்லீரல் அழற்சி வந்ததை மும்பை மருத்துவர்கள் 2021இல் பதிவுசெய்தார்கள். அஸ்வகந்தா பற்றியும் அத்தகைய பதிவுகள் உள்ளன. இயற்கை மருந்துதானே என்று மருத்துவரிடம் சொல்லாமல் உட்கொள்ள வேண்டாம் என்பதே என் வேண்டுகோள். நீண்ட ஓட்டத்துக்கு முன்னதாகவே வலி நிவாரணி போட்டுக்கொள்ளும் வழக்கமும் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது. சர்க்கரை இல்லாத காபி அருந்துபவர்களிடம் கல்லீரல் தழும்பு குறைவாகக் காணப்படுகிறது என்று பல ஆய்வுகள் காட்டியிருப்பதை மட்டும் காபி விரும்பிகளுக்கு மகிழ்ச்சியோடு சொல்லிவைக்கிறேன்.

மருந்துகளும் வந்துவிட்டன. முற்றிவரும் நிலைக்கு ரெஸ்மெடிரோம் என்ற மருந்தை 2024 மார்ச்சிலும், செமாக்ளூடைடை 2025 ஆகஸ்டிலும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஏற்றுக்கொண்டது. இந்தியாவில் சரோகிளிடசார் என்ற மருந்து 2020இலேயே இந்த நோய்க்கு அனுமதி பெற்றது. இவை யாருக்கு வேண்டும் என்பதை மருத்துவரே முடிவுசெய்ய வேண்டும். செமாக்ளூடைடு போன்ற மருந்துகளால் எடை இறங்கும்போது கொழுப்போடு தசையும் இறங்கும் என்பதை ஓட்டக்காரர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, சில வேண்டுகோள்களை முன்வைக்க விரும்புகிறேன். பரிசோதனைக் கூடங்கள் இரத்தம் எடுப்பதற்கு முன் பத்து மணி நேரம் பட்டினியா என்று கேட்கின்றன. அதோடு, கடந்த ஒரு வாரத்தில் கடும் உடற்பயிற்சி செய்தீர்களா என்ற ஒரு கேள்வியையும் சேர்த்து, பதிலை அறிக்கையிலேயே அச்சிட்டுவிட்டால் மருத்துவருக்குப் பெரிய உதவியாக இருக்கும். வயதும் இரண்டு நொதிகளும் தட்டணுக்களும் ஏற்கெனவே அறிக்கையில் இருக்கும்போது, ஃபிப்-4 எண்ணைக் கணக்கிட்டு அச்சிடக் கூடுதல் செலவு எதுவும் ஆகாது. மத்திய அரசு 2021இலேயே கல்லீரல் கொழுப்பு நோயைத் தொற்றா நோய்த் தடுப்புத் திட்டத்தில் சேர்த்துவிட்டது. தமிழ்நாட்டில் அதே ஆண்டு ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் சர்க்கரை நோயாளிகளையும் இரத்த அழுத்த நோயாளிகளையும் வீடு தேடிச் சென்று பார்க்கிறது. அவர்களுக்கும் ஆண்டுக்கொருமுறை இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க முடியுமானால், ஓடுகிறவர்களைவிடப் பன்மடங்கு பெரிய ஒரு கூட்டம் பயன்பெறும்.

மாரத்தான் அமைப்பாளர்களுக்கும் ஒரு வார்த்தை. பத்து கிலோமீட்டர் ஓடுகிறவர்களுக்குப் பாதையெங்கும் சர்க்கரைப் பானம் தேவையில்லை. தண்ணீரும் உப்புக் கரைசலும் போதும். முடிவுக் கோட்டில் தரும் பையில் குளிர்பானத்துக்கும் கிரீம் பிஸ்கட்டுக்கும் பதிலாக அவித்த நிலக்கடலையும் வாழைப்பழமும் மோரும் தரலாம். நெடுந்தூரப் பிரிவுகளில் சேர மருத்துவச் சான்று கேட்கும் இடங்களில், அந்தப் பரிசோதனையை ஓட்டப் பயிற்சியின் உச்ச வாரத்தில் செய்ய வேண்டாம் என்று ஒரு வரி சேர்த்துவிடலாம்.

தங்கள் நாளிதழிடம் எதிர்பார்ப்பது இதுதான். கோவையிலும் சென்னையிலும் ஆரோவில்லிலும் மாரத்தான்கள் நடக்கும் குளிர்காலப் பருவம் தொடங்குவதற்கு முன், கல்லீரல் மருத்துவர் ஒருவர், விளையாட்டு மருத்துவர் ஒருவர், உணவியல் வல்லுநர் ஒருவர் ஆகியோரைக் கொண்டு நடுவயது ஓட்டக்காரர்களின் கேள்விகளுக்குப் பதில் தரும் பகுதி ஒன்றை வெளியிட வேண்டுகிறேன். என் முதல் கேள்வியை இப்போதே அனுப்பிவைக்கிறேன். கல்லீரல் கொழுப்பு உள்ளவர்களுக்கு இதயத்தைக் காக்க, கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை தரப்படுகிறது. அது கல்லீரலுக்குப் பாதுகாப்பானது என்றும் மருத்துவர்கள் உறுதி கூறுகிறார்கள். ஆனால் மாத்திரை தொடங்கிய பின் வரும் கால்வலி ஓட்டத்தால் வந்ததா மாத்திரையால் வந்ததா என்று தெரியாமல், மருத்துவரையும் கேட்காமல், எங்களில் பலர் அதை நிறுத்திவிடுகிறார்கள். அந்த இரண்டு வலிகளையும் பிரித்தறிய ஓடுகிறவர் எத்தனை நாள் ஓய்வெடுக்க வேண்டும், எந்தப் பரிசோதனையை எப்போது செய்ய வேண்டும்?

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
கோயம்புத்தூர்.